பெர்பெத்துவா: பொருள் என்ன, இன்று யார் வைக்கிறார்கள்?

பெர்பெத்துவா என்ற லத்தீன் பெயருக்குச் சரியான பொருள் என்ன, இன்றைக்கு அது எவ்வளவு வழக்கில் இருக்கிறது, பெண் குழந்தை பிறந்தால் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இணையத்தில் தேடியதில் "நித்தியமானவள்" என்று ஒற்றைச் சொல்லும், கூடவே அதிர்ஷ்ட எண்ணும் அதிர்ஷ்டக் கல்லும்தான் கிடைத்தன என்றும் எழுதியிருக்கிறீர்கள். குழந்தைப் பெயர்த் தளங்களிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. எண்ணையும் கல்லையும் விட்டுவிடுவோம். அந்தப் பெயரை முதலில் தாங்கிய ரோமானியர்களுக்கு அவற்றோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

அவசரப்படுபவர்களுக்குச் சுருக்கமான பதில் இது. பொருள்: இடைவிடாதது, அறுபடாமல் தொடர்வது. வழக்கு: ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிக அரிது, ஆப்பிரிக்கக் கத்தோலிக்கர்களிடையே சாதாரணம். வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம், ஆனால் அதன் பின்னால் இருக்கும் பெண் யாரென்று தெரிந்துகொண்டு வையுங்கள். நேரம் இருந்தால் மேலே படியுங்கள்.

லத்தீனில் பெர்பெத்துவுஸ் என்பது ஆண்பால் பெயரடை. அதன் பெண்பால் வடிவம்தான் பெர்பெத்துவா. "ஊடாக" என்ற பொருள் தரும் "பெர்" என்ற முன்னொட்டும், "நாடிச் செல்" என்ற பொருள் தரும் வினையின் வேரும் சேர்ந்து உருவானது. வழியில் எங்கும் நிற்காமல் முனை வரை போவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே இந்தச் சொல் காலத்துக்கு மட்டும் உரியதன்று, இடத்துக்கும் உரியது. ஜூலியஸ் சீசர், இன்றைய பிரான்ஸும் அதை ஒட்டிய நிலமுமான கால் நாட்டில் நடத்திய போர்களைப் பற்றிய தன் குறிப்புகளில் ஓர் இனத்தாரின் நிலத்தைச் சொல்லும்போது, இடைவெளியில்லாத சதுப்பும் காடும் அவர்களுக்கு அரண் என்று இதே சொல்லைப் போடுகிறார். நடுவில் யாரும் குறுக்கிடாமல் ஒருவர் பேசி முடிக்கும் நீண்ட உரைக்கும் இதுவே அடைமொழி. "நித்தியம்" என்றதும் நமக்குத் தோன்றும் வானுலக வாசனை பிற்காலத்தில் வந்து ஒட்டியது. சீசரே கி.மு. 44இன் தொடக்கத்தில் நிரந்தர சர்வாதிகாரி என்ற பட்டத்தை ஏற்று, அதை நாணயத்திலும் பொறித்துக்கொண்டார். மார்ச் 15ஆம் தேதி அவரைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். பட்டத்தில் இருந்ததும் இதே சொல்தான்.

பெயரடை பெண்ணின் பெயரானது எப்படி என்பதற்கு ரோமானியப் பெயரிடும் முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ரோமானியப் பெண்ணுக்குத் தந்தையின் குலப்பெயரே பெண்பால் விகுதியோடு பெயராகிவிடும். ஜூலியஸ் குலத்துப் பெண் ஜூலியா, கொர்னேலியஸ் குலத்துப் பெண் கொர்னேலியா. ஒரே வீட்டில் மூன்று பெண்கள் பிறந்தால் மூவருமே ஜூலியாதான். மூத்தவள், இரண்டாமவள், மூன்றாமவள் என்று சொல்லிப் பிரித்துக்கொள்வார்கள். பேரரசுக் காலத்தில் இந்தக் குழப்பம் குறைந்தது. குலப்பெயருக்குப் பின்னால் வரும் பெயரே ஆளைத் தனித்துக் காட்டும் பெயராயிற்று. அதற்கு நல்வாழ்த்துச் சொற்களைப் பொறுக்கிவைப்பது பரவலான பழக்கம். விபியா பெர்பெத்துவா என்ற பெயரும் அந்த அச்சில் வார்த்ததே. விபியா குலப்பெயர், பெர்பெத்துவா அவளுக்கே உரியது.

அந்த விபியா பெர்பெத்துவாதான் இந்தப் பெயரை வரலாற்றில் நிறுத்தியவள். இன்றைய துனீசியாவில், துனிஸ் நகரை ஒட்டி இருக்கும் கார்த்தேஜில் கி.பி. 203, மார்ச் 7 அன்று கொல்லப்பட்டாள். வயது ஏறக்குறைய 22. நல்ல குடும்பத்தில் பிறந்தவள், படித்தவள், முறைப்படி மணமானவள், கையில் பால்குடி மாறாத ஆண் குழந்தை உள்ளவள் என்று அவள் வரலாற்றைத் தொகுத்தவர் அறிமுகப்படுத்துகிறார். கணவனைப் பற்றி அந்த நூலில் ஒரு சொல்கூட இல்லை. ஏன் என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கிறிஸ்தவளாக மாறியதுதான் குற்றம். அரியணையில் இருந்தவர் செப்டிமியுஸ் செவேருஸ். அவருடைய மகன் கேத்தாவின் பிறந்தநாளுக்கு நடந்த விலங்கு வேடிக்கையில் இவளையும் உடன் கைதானவர்களையும் களத்தில் இறக்கினார்கள்.

இப்படிக் கொல்லப்பட்டவர்கள் பலர். இவள் தனித்து நிற்பதற்குக் காரணம், சிறையில் தானே எழுதிய குறிப்பு. ஒரு கிறிஸ்தவப் பெண் தன் கையால் எழுதி நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. நடை எளிமையானது, அலங்காரம் கிடையாது. அந்தக் குறிப்பு தொடங்குவதே பெயரைப் பற்றிய ஒரு வாக்குவாதத்தில்தான். கிறிஸ்தவர் அல்லாத தந்தை வந்து, இந்தக் கொள்கையை விட்டுவிடு என்று மன்றாடுகிறார். அவள் பக்கத்தில் கிடந்த ஒரு சிறு குடுவையைக் காட்டி, "அப்பா, இதைப் பார்க்கிறீர்களா?" என்கிறாள். "பார்க்கிறேன்." "இது எதுவோ அந்தப் பெயரைத் தவிர வேறு பெயரால் இதை அழைக்க முடியுமா?" "முடியாது." "அப்படித்தான் நானும். நான் எதுவோ அதைத் தவிர வேறு எதுவாகவும் என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. நான் கிறிஸ்தவள்." அந்தச் சொல்லைக் கேட்டதும் கண்ணைப் பிடுங்கிவிடுவது போலத் தந்தை அவள்மேல் பாய்ந்தார் என்று எழுதுகிறாள். பெயரைத் தேடி வந்தவர் நீங்கள் என்பதால் இந்தப் பகுதியை அப்படியே சொல்ல விரும்பினேன்.

அடுத்து சிறை. அப்படி ஓர் இருட்டை அதுவரை கண்டதில்லை, கூட்ட நெரிசலில் தாங்க முடியாத புழுக்கம், காவலர்கள் பணம் பறிக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையைப் பற்றிய கவலை. திருத்தொண்டர்கள் இருவர் காவலர்களுக்குக் காசு கொடுத்து, சில மணி நேரம் நல்ல இடத்தில் இருக்க ஏற்பாடு செய்கிறார்கள். பசியில் துவண்டிருந்த குழந்தைக்கு அங்கே பால் கொடுக்கிறாள். பிறகு குழந்தை அவளோடு இருக்க அனுமதி கிடைத்ததும், சிறை எனக்கு அரண்மனையாகிவிட்டது என்கிறாள். விசாரணையில் ஆளுநர் பொறுப்பில் இருந்த ஹிலாரியானுஸ், உன் தந்தையின் நரைக்கு இரக்கம் காட்டு, குழந்தைக்கு இரக்கம் காட்டு, பேரரசர்களின் நலனுக்காகப் பலி செலுத்து என்கிறார். அவள் சொன்னது "செய்யமாட்டேன்" என்ற ஒற்றைச் சொல். குறுக்கிட்ட தந்தையைத் தடியால் அடிக்க உத்தரவாகிறது. அடி தன்மேல் விழுந்தது போல் வலித்தது என்று மகள் எழுதுகிறாள்.

களத்தில் நடந்ததை வேறொருவர் எழுதி முடித்தார். பெண்களுக்கென்று மூர்க்கமான ஒரு பசுவை விட்டார்கள். அது முட்டித் தூக்கி எறிந்ததில் கீழே விழுந்தவள் எழுந்து உட்கார்ந்து, கிழிந்த ஆடையை இழுத்துத் தொடையை மறைத்தாளாம். பிறகு ஓர் ஊசியைக் கேட்டு வாங்கி, அவிழ்ந்த கூந்தலைச் சேர்த்துக் குத்திக்கொண்டாளாம். தலைவிரி கோலம் துக்கத்தின் அடையாளம் என்பதால், தன் வெற்றி நாளில் அழுபவள் போலத் தெரியக் கூடாது என்று நினைத்தாள் என்கிறது நூல். அதற்குப் பிறகுதான் பக்கத்தில் விழுந்து கிடந்த தோழிக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். கடைசியில் அனுபவமில்லாத ஓர் இளம் வீரனின் வாள் எலும்பில் பட்டுத் தவறியபோது, நடுங்கிய அவன் கையைத் தானே பிடித்துத் தன் கழுத்தில் வைத்தாள்.

கைகொடுத்துத் தூக்கிவிடப்பட்ட அந்தத் தோழிதான் பெலிசிட்டாஸ். அடிமைப் பெண். கைதானபோது கர்ப்பிணி, எட்டாம் மாதம் சிறையிலேயே ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். அவள் பெயருக்கு மகிழ்ச்சி, நற்பேறு என்று பொருள். இரண்டு பெயரையும் சேர்த்தால் "பெர்பெத்துவா பெலிசிட்டாஸ்", அதாவது முடிவில்லாத மகிழ்ச்சி. இந்தத் தற்செயலை ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் விடுவாரா? இருவரின் திருநாள் மறையுரைகளில் இந்தச் சிலேடையைச் சலிக்காமல் ஆடியிருக்கிறார்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி, அதாவது இந்தப் பெயர் ஏன் அரிது என்பது, எனக்குச் சுவையாகிறது. கத்தோலிக்கத் திருப்பலியின் பழைய நற்கருணை மன்றாட்டில் மரியாவைத் தவிர ஏழு பெண்களின் பெயர் வருகிறது: பெலிசிட்டாஸ், பெர்பெத்துவா, ஆகத்தா, லூசியா, ஆக்னெஸ், செசிலியா, அனஸ்தாசியா. நூற்றாண்டுக்கணக்கில் எல்லார் காதிலும் ஒன்றாக விழுந்த பெயர்கள். லூசியாவும் செசிலியாவும் அனஸ்தாசியாவும் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். ஆக்னெஸ் நம் ஊரிலேயே தெருவுக்கு ஒருவர் உண்டு. பெலிசிட்டி என்ற ஆங்கில வடிவம் 2010களில் இங்கிலாந்தின் முதல் நூறு பெண் பெயர்களுக்குள் இருந்தது. அமெரிக்காவில் 1998இல் அந்தப் பெயரில் ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்ததும் வேகமாகப் பரவியது. அடிமைப் பெண்ணின் பெயர் ஓடிக்கொண்டிருக்க, எஜமானி வர்க்கத்துப் பெண்ணின் பெயர் பின்தங்கிவிட்டது.

காரணம் ஒன்றல்ல. முதலாவது, அவள் எழுதியது பரவலாகப் படிக்கக் கிடைக்கவில்லை. மோந்தே கசீனோ மடத்தில் இருந்த கையெழுத்துப் படியிலிருந்து முழு லத்தீன் வடிவம் அச்சேறியது 1663இல்தான். அதுவரை பெரும்பாலானவர்களுக்கு அவள் பட்டியலில் ஒரு பெயர், அல்லது சுருக்கக் கதை ஒன்றின் பாத்திரம். இரண்டாவது, திருநாள் சிக்கல். மார்ச் 7 தாமஸ் அக்குவினாஸ் இறந்த நாளும்கூட. பெரிய இறையியலாளர் அந்தத் தேதியை எடுத்துக்கொண்டதும் இவர்கள் ஓரத்துக்குப் போனார்கள். 1908இல் மார்ச் 6க்கு மாற்றினார்கள். 1969 நாட்காட்டிச் சீர்திருத்தத்தில் அக்குவினாஸ் ஜனவரி 28க்குப் போக, மார்ச் 7 மறுபடி இவர்களுக்குக் கிடைத்தது. பிறந்த நாளின் புனிதர் பெயரைக் குழந்தைக்கு வைக்கும் வழக்கமுள்ள நாடுகளில், நாட்காட்டியில் இடம் இழந்த பெயர் வீடுகளிலும் இடம் இழக்கும்.

மூன்றாவது காரணம் இத்தாலிக்கு மட்டும் உரியது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். அலெஸ்ஸாந்த்ரோ மான்ஸோனி 1827இல் வெளியிட்ட "இ ப்ரொமெஸ்ஸி ஸ்போசி" நாவலை இத்தாலியில் பள்ளிக்கூடம் போன எவரும் தப்பிக்க முடியாமல் படித்திருப்பார்கள். அதில் தொன் அப்போந்தியோ என்ற தொடைநடுங்கிப் பாதிரியாரும், அவருக்குச் சமைத்துப் போட்டு, அவரையே அதட்டிக்கொண்டு, ரகசியத்தை வயிற்றில் வைத்திருக்க முடியாமல் தவிக்கும் வீட்டுப் பணிப்பெண்ணும் வருகிறார்கள். அந்த அம்மாளின் பெயர் பெர்பெத்துவா. பாத்திரம் அவ்வளவு உயிரோட்டமாக அமைந்துவிட்டதால், இத்தாலிய மொழியில் பெர்பெத்துவா என்பது பாதிரியார் வீட்டுச் சமையல்காரி என்ற பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டது. அகராதியில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட பெயரை எந்த இத்தாலியத் தாய் மகளுக்கு வைப்பாள்? ரோமில் பிறந்த பெயருக்கு ரோமிலேயே இந்தக் கதி.

ஆங்கிலத்தில் வேறு தொந்தரவு. "பெர்பெச்சுவல்" என்ற அன்றாடப் பெயரடை பக்கத்திலேயே நிற்கிறது, குற்றம் செய்தவரைக் குறிக்கும் "பெர்ப்பெட்ரேட்டர்" என்ற சொல்லும் ஒலியில் தூரமில்லை. கூப்பிடுவதற்கு இயல்பான சுருக்கமும் இல்லை. லூசியா லூசி ஆகலாம், செசிலியா சிசிலி ஆகலாம். இதை எங்கே வெட்டினாலும் அழகாக வரவில்லை.

நான்காவது காரணம் நமக்கு நெருக்கமானது. இதே பெயரடை கத்தோலிக்க உலகில் வேறொரு வழியாகப் பெயருக்குள் நுழைந்தது. 1866இல் திருத்தந்தை ஒன்பதாம் பியுஸ் பழைய மரியா திருவோவியம் ஒன்றை ரோமில் இரட்சகர் சபையாரிடம் ஒப்படைத்தார். அந்தப் பக்தி உலகெங்கும் பரவியது. தமிழில் அந்த மாதாவை இடைவிடா சகாய மாதா என்கிறோம். லத்தீன் பெயரடையின் பழம்பொருளை, காலம் இடம் இரண்டையும் தழுவி, இவ்வளவு கச்சிதமாகப் பிடித்த மொழிபெயர்ப்பை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ஆனால் பெயர் வைக்கும்போது என்ன செய்தோம்? இடைவிடாமையைக் கழற்றிவிட்டு சகாயத்தை எடுத்துக்கொண்டோம்: சகாயமேரி, சகாயராணி, சகாயம். ஸ்பானியரும் அதே வேலையைத்தான் செய்தார்கள். அங்கே பெண்ணுக்கு வைக்கும் பெயர் சொக்கோர்ரோ, அதாவது உதவி. பெர்பெத்துவோ என்ற பாதி ஞானஸ்நானப் பதிவேட்டோடு நின்றுவிடும். ஆகவே உங்கள் உறவில் ஒரு சகாயமேரி இருந்தால், இந்தச் சொல்லின் நிழல் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறது; அந்தப் புனிதையின் பெயராக அன்று, மாதாவின் அடைமொழியாக.

பெயர் உண்மையில் எங்கே வாழ்கிறது என்று கேட்டால் ஆப்பிரிக்காவைக் காட்டுவேன். நைஜீரியா, கானா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளின் கத்தோலிக்கக் குடும்பங்களில் பெர்பெத்துவா என்று கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்த்து வியக்கமாட்டார்கள். ஞானஸ்நானத்துக்குப் புனிதர் பெயர் வைக்க வேண்டும் என்ற மறைபரப்பாளர் காலத்துப் பழக்கம் அங்கே பலமாக வேரூன்றியது. பட்டியலில் ஆப்பிரிக்க மண்ணில் பிறந்த ஒருத்தியைப் பார்க்கும்போது கை அங்கே போகும் என்பது என் ஊகம். உலகம் அறிந்த ஒரு பெர்பெத்துவா வேண்டுமென்றால், நைஜீரியக் கால்பந்து வீராங்கனை பெர்பெத்துவா ந்க்வோச்சா இருக்கிறார். ஆப்பிரிக்காவின் சிறந்த வீராங்கனை விருதை 2004, 2005, 2010, 2011 என நான்கு முறை வென்றவர். பாதிரியார் வீட்டுச் சமையல்காரியை நினைத்துச் சிரிக்கும் இத்தாலியரிடம் இவரைச் சொல்லலாம்.

மற்றவர்கள் இந்தப் பெயரைத் தினமும் பார்த்தும் கவனிப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் இருக்கும் கணினியில் எழுத்துரு வரிசையைத் திறந்தால், "பி" எழுத்துக்குக் கீழே பெர்பெச்சுவா என்று ஒன்று இருக்கலாம். ஆங்கிலச் சிற்பி எரிக் கில் 1920களின் பிற்பாதியில் மோனோடைப் நிறுவனத்துக்காக வரைந்தது. இந்த மறைசாட்சிகளின் கதையை அச்சிட முதலில் பயன்படுத்தியதால் எழுத்துக்கும் அதே பெயர். அதன் சாய்வெழுத்துக்கு பெலிசிட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கேயும் இருவரையும் பிரிக்கவில்லை.

புள்ளிவிவரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பெயர்களை வெளியிடுகிறது. ஆனால் ஓர் ஆண்டில் ஐந்து குழந்தைகளுக்குக் குறைவாக வைத்த பெயர்களைத் தனியுரிமை கருதி விட்டுவிடும். இங்கிலாந்து, வேல்ஸ் பட்டியலில் வரக் குறைந்தது மூன்று குழந்தைகள் வேண்டும். ஆகவே ஓர் ஆண்டில் பெயர் காணப்படவில்லை என்றால் யாருமே வைக்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். அண்மை ஆண்டுகளின் முதல் ஆயிரத்தில் பெர்பெத்துவாவைத் தேடுவது வீண். எல்லாவற்றையும்விட, பெயர் நன்றாக வழங்கும் ஆப்பிரிக்க நாடுகளின் எண்ணிக்கை இந்தப் பட்டியல்கள் எதிலும் கிடையாது. "உலகில் இத்தனையாவது இடம்" என்று ஒரு தளம் சொன்னால், அது பெரும்பாலும் இந்த இரண்டு மூன்று நாட்டுக் கணக்கை உலகக் கணக்காக ஆக்கிச் சொல்வதுதான்.

வைப்பதென்று முடிவெடுத்தால் சில நடைமுறை விஷயங்கள் உண்டு. லத்தீனில் அழுத்தம் இரண்டாம் அசையில்: பெர்-பெ-து-வா. ஆங்கிலப் பள்ளியில் பெர்பெச்சுவா என்றுதான் கூப்பிடுவார்கள்; திருத்திக்கொண்டிருந்தால் ஆயுள் முழுக்கத் திருத்த வேண்டியிருக்கும். பிரெஞ்சு வடிவம் பெர்பெத்யூ. தமிழில் பெர்பெத்துவா, பெர்பேத்துவா, பெர்பெச்சுவா என்று மூன்று விதமாகவும் எழுதுகிறார்கள், ஆகையால் பிறப்புச் சான்றிதழிலும் ஞானஸ்நானச் சான்றிதழிலும் ஒரே எழுத்து இருக்கும்படி முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் அழைக்க நடுப்பகுதியை எடுத்தால் "பெத்து" என்று வந்து நிற்கும். தமிழ்ப் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள். கடைசிப் பாதியை எடுத்தால் "துவா". தமிழ் முஸ்லிம்களிடையே அதற்குப் பிரார்த்தனை என்று பொருள், கேட்கவும் இனிமை. என்னைக் கேட்டால் அதையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். பெயர் நாள் கொண்டாடும் வழக்கம் உங்கள் குடும்பத்தில் இருந்தால் தேதி மார்ச் 7. பழைய வழிபாட்டு நாட்காட்டியைப் பின்பற்றும் உறவினர் யாராவது மார்ச் 6 என்று சொன்னால், அவர்களும் தவறாகச் சொல்லவில்லை.